பேசறச்சே ஒண்ணு, பாடறச்சே ஒண்ணு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விமர்சனம் இல்லை. பாடகி சிவாங்கி விஷயத்தில் எங்கள் வீட்டில் நடுநிலை என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை, தெரியும். ஆனால் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், வருஷக்கணக்காக "அவள்" என்றே புழங்கிவிட்ட பெண்ணைத் திடீரென்று "அவர்" என்றால், யாரைச் சொல்கிறாய் என்று என் மாமியாரே கேட்பார்.

2019-இல், சூப்பர் சிங்கர் ஏழாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்து டிவியில் கீச்சுக் கீச்சென்று ஒரு குரல் பேசியது. பொண்ணு கார்ட்டூன் வைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. அடி ஸ்தாயியில் அழுத்தமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கமகமாக மேலே ஏறி வருகிற பாட்டு. அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அதே பெண்! பாடி முடித்து மறுபடி வாயைத் திறந்தால் மறுபடி கீச்சு. மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"என்னடி இது, பேசறச்சே ஒண்ணு, பாடறச்சே ஒண்ணு! உள்ளே ரெண்டு பேர் இருக்காளா?"

அன்றைக்கு விழுந்தவர்கள்தான் நாங்கள் மூன்று பேரும், இன்னும் எழுந்திருக்கவில்லை. சிவாங்கியின் அப்பா கிருஷ்ணகுமார், அம்மா பின்னி கிருஷ்ணகுமார், இருவரும் கர்நாடக இசைக் கலைஞர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் குரலைத் தமிழ்நாடே கேட்டிருக்கிறது. 2005-இல் வந்த 'சந்திரமுகி'யில் ஜோதிகா ஆடும் அந்தத் தெலுங்குப் பாட்டு அவர் பாடியதுதான். வீட்டிலேயே குரு என்றால் கமகம் ஏன் வராது?

அந்த சீசன் பட்டம் மூக்குத்தி முருகனுக்குப் போனது. தப்பே இல்லை, அவருடைய தொண்டைக்கு அது தகும். சிவாங்கிக்குப் பட்டம் வரவில்லையே என்று என் பெண் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதே வருஷ நவம்பரில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியது. பாட வந்தவள் கையில் கரண்டி! அதுவும் சமைக்கிறவளாக இல்லை, சமைக்கிறவரைப் படுத்துகிற கோமாளியாக. இரண்டாவது சீசன் வந்தது 2020 நவம்பரில், கொரோனா காலம். அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குக்கூட ஊர் பழையபடி திமிலோகப்படவில்லை. பெரிய கோபுரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் வாசலைத் தாண்டப் பயந்துகொண்டு கிடந்த எங்களை வாய்விட்டுச் சிரிக்கவைத்தது அந்த நிகழ்ச்சிதான். கூட இருந்த கோமாளி புகழைப் பார்த்து "புகழ் அண்ணா" என்று அவள் கீச்சுக்குரலில் ஆரம்பித்தாலே போதும், ஜபமாலையோடு உட்கார்ந்திருக்கும் மாமியாரின் விரல் நின்றுவிடும். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று பிறகு திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. 'டான்' படத்தில் சிவாங்கி நடிக்கிறாள், சிவகார்த்திகேயனோடு! திருச்சிக்காரர்களிடம் சிவகார்த்திகேயனைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? இங்கே வளர்ந்து, இங்கேயே ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் படித்த பையன். அவரும் சூப்பர் சிங்கர் நடந்த அதே டிவியில் 'கலக்கப் போவது யாரு' ஜெயித்துத்தான் மேலே வந்தார். முதலில் நாயகனாக்கியது பாண்டிராஜ், 2012-இல் 'மெரினா'வில். போட்டி மேடையிலிருந்து வந்தவர் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருக்கிற படத்தில் இன்னொரு போட்டி மேடைப் பெண். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

மாமியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "பாட்டுக்காரி எதுக்கு நடிக்கணும்?"

நான் விடவில்லை. "திருச்சியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அம்மா? பாகவதர் யாராம்?"

மாமியார் பிறந்தது 'ஹரிதாஸ்' வந்த 1944-இல். அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த கதையை அவருடைய அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். எம்.கே. தியாகராஜ பாகவதர் சின்னப் பையனாக அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியது இந்த ஊரில்தான். ஏற்றிவிட்டவர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்காரர் காதில் பாட்டு விழுந்தால் நடிகன், விழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதைவிடக் கடுமையான குரல் தேர்வு எந்தச் சேனலில் நடக்கிறது? 1934-இல் 'பவளக்கொடி' வந்தபோது அவர் முதலில் பாடகர், அதற்கப்புறம்தான் நடிகர். மொத்தமே 14 படம். இன்றைக்கும் சங்கிலியாண்டபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

பின்னணிப் பாட்டு வந்ததும் பாட்டும் நடிப்பும் என்ற இந்த ஜோடி பிரிந்தது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக வேறொருவர் பாடினார். அதிலிருந்து முகம் ஒருத்தருக்கு, குரல் ஒருத்தருக்கு. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் குரலை ரேடியோவில் கேட்டோம், முகத்தை போஸ்டரில் பார்த்தோம். சூப்பர் சிங்கர் மாதிரி நிகழ்ச்சிகள் என்ன செய்தன? வாராவாரம் பாடகரின் முகத்தை நம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. பாட்டு முடிந்ததும் அவர்கள் அழுவது, சிரிப்பது, அம்மாவைத் தேடுவது எல்லாம் நமக்குத் தெரியும். முகம் பழகிவிட்டால் சினிமா கூப்பிடாமல் இருக்குமா? புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷ் ஆறாவது சீசன் ஜெயித்த 2018-லேயே 'கரிமுகன்' நாயகன். அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன், 'டிரீம்கேர்ள்ஸ்' முதல் படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அவர்களையெல்லாம் கூப்பிட்டது பாடுகிற குரலுக்காக. சிவாங்கியைக் கூப்பிட்டது எதற்கு? எல்லோரும் கேலி பண்ணிய அந்தப் பேச்சுக் குரலுக்காக! இதில்தான் நான் கிறங்கிப் போனேன்.

படம் 2022 மே 13 வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். கத்திரி வெயில். மேட்டூர் திறக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது, காவிரிப் பாலத்திலிருந்து பார்த்தால் மணலும் நடுவில் ஒரு கோடு தண்ணீரும்தான். மாமியார் தியேட்டருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏசி ஒத்துக்கொள்ளாது என்று மடிசாருக்கு மேல் ஒரு சால்வை.

அவள் திரையில் வந்ததும் எங்கள் பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள், "டேய், நம்ம சிவாங்கிடா!" என்று கத்தினார்கள். நான் விசிலடித்தேன். ஆமாம், ஐம்பத்தொரு வயதில், இரண்டு விரலை வாயில் வைத்து. என் பெண் சீட்டுக்குள் புதைந்துபோனாள்.

வேடம் பெரிசில்லை. நாயகனின் கல்லூரி நண்பர் கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான். முன்னால் சிவகார்த்திகேயன், எதிரே எஸ்.ஜே. சூர்யா, இவர்கள் நடுவில் ஒரு புதுப்பெண் என்ன செய்துவிட முடியும்? நான் ஒன்று செய்தேன். அவள் இருக்கிற காட்சியில் எல்லாம் பேசுகிறவரைப் பார்க்காமல் அவளையே பார்த்தேன். வசனம் இல்லாத நேரத்திலும் அந்த முகம் சும்மா இருப்பதில்லை. முன்னால் ஒருத்தர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்றால் அவளுடைய கண் அதற்கு முன்பே அகன்றுவிடுகிறது. பிறகு அந்தக் கீச்சுக்குரலில் ஒரு வரி, அது விழ வேண்டிய நொடியில் விழுகிறது. தாளம் தெரிந்தவளுக்குத்தான் அது வரும். சமத்தில் விழுகிற பேச்சு! என் பாட்டு வாத்தியாரம்மா இருந்திருந்தால் தொடையில் தட்டிப் "பேஷ்" என்றிருப்பார்.

அதற்கப்புறம் வந்தவை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வடிவேலு திரும்பி வந்த கொண்டாட்டம், அதில் இவளுக்கு வேலையே இல்லை. 2023-இல் 'காசேதான் கடவுளடா', 1972 படத்தின் மறு ஆக்கம். பழையதை மனப்பாடமாக வைத்திருக்கிற என்னிடம் புதியது எடுபடாது. அதே வருஷம் 'குக்கு வித் கோமாளி' நாலாவது சீசனில் கோமாளி வேஷத்தைக் கழற்றிவிட்டுச் சமைக்கிறவளாகவே வந்து நின்றாளே, எனக்கு அது அந்த இரண்டு படத்தையும்விட உயர்த்தி. இவளுக்கென்று உட்கார்ந்து ஒருத்தர் கதை எழுத வேண்டும். பாடவும் வைத்து, சிரிக்கவும் வைத்து, கடைசியில் ஒரு இடத்தில் அழவும் வைக்கிற கதை. யாராவது எழுதுங்களேன்!

அந்த ஞாயிறு திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மாமியார், நடுவில் பெண், ஓரத்தில் நான். மாமியார் முகத்தில் ஏதோ குறை.

"எல்லாம் சரி. ஒரு பாட்டு பாட விட்டிருக்கலாமோன்னோ?"

என் பெண் செல்போனைத் துழாவினாள். "பாட்டி, இதைக் கேளு" என்று ஒரு இயர்போனைப் பாட்டி காதிலும் மற்றதை என் காதிலும் வைத்தாள். 2009-இல் வந்த 'பசங்க', பாண்டிராஜின் முதல் படம். ஜேம்ஸ் வசந்தன் இசை. பாலமுரளிகிருஷ்ணாவின் குரல், கூடவே ஒரு குழந்தைக் குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுதான். என் பெண்ணுக்கு ஆறு வயதாக இருந்தபோது மடியில் போட்டுத் தட்டித் தட்டி இதைத்தான் பாடுவேன்.

"அந்தக் குழந்தை யார் தெரியுமாம்மா?"

தெரியாது. பதிமூன்று வருஷம் தெரியாமலே பாடியிருக்கிறேன். சிவாங்கி! அப்போது எட்டு வயது போல இருந்திருக்கும்.

பஸ் பாலத்தில் ஏறியது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டார். மாம்பழச்சாலை வந்தது, போனது. ராஜகோபுரம் ஸ்டாப்பில் கண்டக்டர் விசில் ஊதியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"பாட்டி, இறங்கணும், இயர்போனைக் கொடு."

"இருடி, முடியட்டும்."