துண்டுக்குள் மறையும் விலை

புதுச்சேரியில் லாஸ்பேட்டை மாதிரிக் கல்லூரிகள் நிறைந்த பகுதிகளில் கிராமச் சந்தையைப் புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 1944இல் பொருளியல் அறிஞர் கார்ல் பொலானி சொன்னதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வணிகம் உறவுக்குள் அடங்கியிருந்த காலத்தின் மிச்சமாக மாட்டுச் சந்தையைக் காட்டுகிறார்கள். அதிலும் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது அவர்களுக்குப் பண்பாட்டின் உச்சம்.

அந்த வழக்கத்தில் நயம் உண்டு. கஷ்டத்துக்கு மாடு விற்பவரின் நிலை ஊருக்குத் தெரியாது. பேரம் முறிந்தாலும் வாய்ச்சண்டை வராது. விற்றவர் பழைய கயிற்றைத் தன்னோடு கொண்டுபோவதில் மாட்டின் மேலுள்ள பாசமும் தெரிகிறது.

ஆனால் மறைத்த விலை யாருக்கு உதவுகிறது? விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. அதுவானாலும் வேறு எந்தச் சந்தையானாலும் தரகர் வாராவாரம் வருகிறவர். போன வாரம் எது எவ்வளவுக்குப் போனது என்பது அவர் விரல்நுனியில் இருக்கும். மகள் கல்யாணத்துக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ எப்போதாவது ஒரு மாட்டை ஓட்டி வருபவருக்கு அது தெரிய வழியே இல்லை. இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவரின் விரலை நம்பித்தான் அவர் தலையாட்ட வேண்டும். இதை உறவு என்று எப்படிச் சொல்வது? ஒருவர் அறிந்ததும் மற்றவர் அறியாததும் சேர்ந்து கொடுக்கும் லாபம் இது.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. புல் அறுத்து, சாணி அள்ளி, பால் கறந்து அந்த மாட்டை வளர்த்தவர் பெரும்பாலும் ஒரு பெண். துண்டுக்கடியில் அவர் கை நுழைவதில்லை. அதே மாட்டின் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும்போது கொழுப்பை அளந்து விலை போடுகிறார்கள். எவ்வளவு ஊற்றினோம், என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். பாலுக்குக் கணக்கு உண்டு, மாட்டுக்கு இல்லை!

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது பலகையில் அன்றைய காய்கறி விலையை எழுதிப்போட்டார்கள். அதனால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இருந்த பேச்சோ பழக்கமோ அறுந்துவிடவில்லை. மாட்டுச் சந்தை வாசலிலும் ஒரு பலகை வைக்கலாம். பல், ஈற்று, கறவை வாரியாகப் போன வாரம் மாடு எவ்வளவிலிருந்து எவ்வளவுவரை விலைபோனது என்று எழுதினால் போதும். விற்றவர் பெயர் வேண்டாம். துண்டு தோளிலேயே இருக்கட்டும்.