குறத்தி கண்ட நோய்

சென்னையிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ரேணிகுண்டாவைக் கடந்து சென்றோர் நம்மில் பலர். அச்சந்திப்பை அடையுமுன் வரும் புத்தூருக்கு அண்மையில் நாராயணவனம் என்னும் ஊர் உள்ளது. ஆகாசராசனின் மகள் பத்மாவதி, வேட்டைக்கு வந்த சீனிவாசனைக் கண்டு மையலுற்று நோயில் வீழ்ந்தது அங்கே என்று வேங்கடாசல மான்மியம் கூறும். காரணம் அறியாது தாய் தரணிதேவி தவித்தபோது தெருவில் ஒரு குறத்தி வந்தாள். குறி பார்த்தாள், நோயின் வேரையும் அது தீரும் வழியையும் உரைத்தாள். வந்தவள் சீனிவாசனே என்பது கதை.

இதில் நம்மை வியக்க வைப்பது மாறுவேடமன்று. எந்த வேடம் என்பதே. முனிவராகவோ மருத்துவராகவோ வந்திருக்கலாம். அரண்மனைப் பெண்டிர் ஐயமின்றி நம்பும் சொல் குறத்தியின் சொல்லே என்பதைக் கதை புனைந்தோர் அறிந்திருந்தனர்.

தமிழில் இவள் மிகப் பழையவள். சங்க அகப்பாடல்களில் மகளின் மெலிவு கண்டு தாய் வேலனை அழைப்பாள். அவன் முருகன் வருத்தினான் என்று மறியறுத்து வெறியாடுவான். தோழி உள்ளூர நகைப்பாள். குறுந்தொகை 23-ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் அகவன்மகள் வேறு வகையினள். அவள் மலைகளைப் பாடுகையில் தலைவனின் குன்றும் வந்துவிட, அதனையே மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகிறாள். தாய்க்குச் செய்தி எட்ட அது போதும். வேலனின் ஆட்டம் பொய்த்த இடத்தில் ஊர்சுற்றியின் பாட்டு வெல்கிறது.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி, மலைவளமும், தான் குறி சொல்லிப் பரிசு பெற்ற நாடுகளும், முருகனுக்குப் பெண் கொடுத்த குலப்பெருமையும் கூறிய பின்னரே வசந்தவல்லியின் கையைப் பார்க்கிறாள். இதனை வீண் விரிவெனத் தள்ளலாகாது. தெய்வத்தைச் சம்பந்தியாக்கிக்கொண்ட குலத்தவள் என்று நிலைநாட்டிய பின்னரன்றோ, இது இறைவன்மேல் கொண்ட காதல் என்று அஞ்சாது கூற அவளுக்கு வாய் வரும்! அவள் கதை மருந்துக்கு முன்னுரையன்று. மருந்தின் ஒரு பகுதியே.

இந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்கச் சொக்கநாதர் அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்பட்டது. நிலம் கவிராயருக்கு; பெயர் மட்டும் குறத்திக்கு!

நாராயணவனத்துப் பக்கம் குறி சொல்வோரை எருகலர் என்பர். தெலுங்கில் ‘எருக’ என்றால் அறிவு, குறி. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வழி, குறவரும் எருகலருமாகிய பல குழுவினர் பிறவிக் குற்றவாளிகள் எனப் பதியப்பட்டனர். குறியும் பச்சிலையும் கூடையுமாக ஊரூராய் நடந்த அந்நடையே குற்றமாயிற்று. 1944-இல் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். மேடையில் சிங்கி பிறர் கையைப் பார்த்தாள். அரங்கிற்கு வெளியே அவள் குலத்தார் காவலரிடம் விரல்ரேகை பதித்துக்கொண்டிருந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல்தான்.