பிரிவு 19-ம் ஒகேனக்கல் தண்ணியும்

செழியன் இயக்கிய ‘டு லெட்’ படம் தியேட்டருக்கு வந்த நாள் 2019 பிப்ரவரி 21. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது மறுநாள், பிப்ரவரி 22. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான். ஆனா இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா சில விஷயங்கள் தெளிவாகின்றன. வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் எப்படிப் பேசுகிறார் என்று படம் காட்டுகிறது. எப்படிப் பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டிலும் ஒரே ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் படம். கதை நடப்பது 2007 சென்னையில். என்னைப் போன்ற ஐடி ஆட்களின் சம்பளத்தைப் பார்த்து வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம். சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் ஒருவர், அவர் மனைவி, சின்னப் பையன். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணணும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிடுகிறார். அப்புறம் படம் முழுக்க வீடு தேடல்தான். பின்னணி இசை கிடையாது. அதனால் பேச்சும் பேச்சில்லாத இடங்களும் நன்றாகக் காதில் விழுகின்றன. கேள்விகள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. என்ன வேலை, என்ன ஆளுங்க, என்ன சாப்பிடுவீங்க. தேடி வந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். திருப்பி ஒரு கேள்வி கேட்பதற்குத் தயங்குகிறார்கள்.

படத்தின் மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. பழியைக் கொஞ்சம் அதிகமாகவே அந்த அம்மாவின் சுபாவத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. தங்கமான வீட்டுக்காரர் வாய்த்தாலும் குடித்தனக்காரர் கேள்வி கேட்கத் தயங்கத்தான் செய்வார். எதைக் கேட்டாலும் “பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க” என்ற பதில் வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். இது குணத்தால் வந்தது இல்லை, ஏற்பாட்டால் வந்தது. ஏற்பாட்டை மாற்ற வேண்டியது சட்டம்.

அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும்: தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். இதில் நல்லது நிறைய இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கணும் என்றால் 24 மணி நேரம் முன்னாடியே காரணத்தோடு எழுதித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்கிறது பிரிவு 20. வீட்டுக்காரர் பழுது பார்க்க மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

அபார்ட்மெண்ட்களுக்கு நேரடியாகப் பொருந்துவது பிரிவு 18-ம் 19-ம். சொத்தைப் பார்த்துக்கொள்ள மேலாளரை வைத்தால், அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம் பெற்றவர் என்று வாடகைதாரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 18. அவருடைய கடமைகளைப் பட்டியல் போடுகிறது 19. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான பழுது பார்ப்பது, அவ்வப்போது வந்து பார்வையிடுவது, தகராறுகளைத் தீர்க்க உதவுவது. அதோடு வாடகைதாரருக்கு நோட்டீஸ் கொடுப்பது: வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லி, வாடகை தாமதமானால், வாடகை மாறினால், காலி பண்ண வேண்டியிருந்தால்.

இந்தப் பட்டியலை ஒரு புரோகிராமராகப் படித்துப் பாருங்கள். ‘அனுப்பு’ என்ற ஃபங்ஷன் நாலைந்து இருக்கிறது. ‘பெறு’ இல்லை. வாடகைதாரர் ஒரு கேள்வி கேட்டால் இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அவர் கேட்காமலே சொல்லியாக வேண்டிய தகவல்கள் இவை என்றும் ஒரு வரி இல்லை. காணாமல் போன பொருள் என்று மேலே சொன்னது இதுதான். நல்ல தகவல் தொடர்பு என்றால் நோட்டீஸை முறையாக அனுப்புவது என்று சட்டம் முடிவு செய்துவிட்டது. நெட்வொர்க் பாடம் படித்த யாரும் இதைத் தொடர்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதனால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இதற்கு விடை குழாயிலேயே வருகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கியது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பும் சேர்ந்து இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை. இதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குழந்தைகள் வருடக்கணக்கில் குடித்தால், நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும்போதே கறை விழுந்துவிடும். அளவு ரொம்ப அதிகமாகி, ரொம்ப காலம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாகும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது.

இப்போது ஒரு அடுக்குமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப், மேலே டேங்க். ஒகேனக்கல் தண்ணீரும் வருகிறது, போர் தண்ணீரும் ஏறுகிறது. சமையலறைக் குழாயில் வருவது எது? இரண்டும் ஒரே சம்பில் கலக்கிறதா? ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் எதை ஏற்றுகிறார்கள்? போர் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பத்துக்கு இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி என்றே தெரியாது. வாட்ச்மேனுக்கும் மோட்டார் போடுகிறவருக்கும் தெரியும். அவர்கள் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் நிறுத்தப்படவில்லை, ஆகவே பிரிவு 20 மீறப்படவில்லை. குழாய் உடையவில்லை, ஆகவே பழுது இல்லை. மேலாளர் எல்லா நோட்டீஸையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார், ஆகவே 19-ம் சரி. எல்லாம் சட்டப்படி நடக்கிறது. பிள்ளையின் பல் மட்டும் பழுப்பாகிறது.

“கேட்டா சொல்லப்போறாங்க, இதுக்கெல்லாமா சட்டம்?” என்று ஒரு வாதம் வரும். ‘டு லெட்’ பார்த்தவர்களுக்கு அதற்கான பதில் தெரியும். கேட்பதற்கு ஒரு விலை இருக்கிறது. சட்டமும் அந்த விலையை ஏற்றித்தான் வைத்திருக்கிறது: எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் என்கிறது பிரிவு 21. வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் எந்தத் தைரியத்தில் போய் தண்ணீர் ரிப்போர்ட் கேட்பார்? அதனால் சொல்லும் கடமை, தெரிந்தவர் மேல்தான் விழ வேண்டும்.

இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 1992-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு விடுகிறவர், ஈயத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், கூடவே அரசின் விளக்கப் பிரசுரத்தையும் தர வேண்டும். பெயிண்டைச் சுரண்டு என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்ததைச் சொல் என்கிறது, அவ்வளவுதான். நம் சட்டத்தில் பிரிவு 19-க்குப் பக்கத்தில் இப்படி ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு இடம் வேண்டும்?

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கம் சேர்க்கலாம்: எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர், போர் தண்ணீரின் கடைசிப் பரிசோதனைத் தேதியும் ஃபுளோரைடு அளவும், சம்ப் கழுவிய தேதி, புகார் சொன்னால் எத்தனை நாளில் பதில் வரும், பதில் சொல்பவர் யார். படிக்கட்டுப் பக்கத்தில் அதே தாளை ஒட்டலாம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று பூட்டி வைத்திருந்தால் அதைத் திறந்துவிடலாம். அந்தப் பூட்டுதான் பிரிவு 19-இன் அச்சு அசல் நகல்.

உங்கள் ஊரில் ஃபுளோரைடு இல்லாமல் இருக்கலாம். அங்கே உப்புத் தண்ணீரோ, லிஃப்டோ, மின்கசிவோ வேறு ஏதோ ஒன்று இருக்கும். மேலாளருக்குத் தெரிந்து, குடியிருப்பவருக்குத் தெரியாத விஷயம் எது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அதில் பிள்ளைகளின் உடம்பைத் தொடுவது எதுவோ, அதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.