ஒலிப் பாடத்தில் காணாமல் போன காது

நான் படித்த அறிவியல் புத்தகத்தில் ஒலிப் பாடம் அழகாகத்தான் தொடங்கியது. இசைக்கவை அதிரும், காற்று நெருங்கி விலகும், அலை நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். பிறகு அந்த வரி: மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

எந்த மனிதரின் செவி?

எங்கப்பா முப்பது வருஷம் விசைத்தறியில் நின்றவர். “சாப்பிட வாங்கப்பா” என்றால் “என்னது?” என்பார். வீம்பு என்றே நினைத்தோம். அந்த 20,000 இளங்காதின் கணக்கு. வயது ஏற ஏற இறங்கும். ஓயாத இரைச்சலோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதலில் கை வைக்கிறது. அதிர்வை நரம்புக்குச் சொல்லும் மயிர்செல்கள் உள்காதில் செத்தால் திரும்ப முளைக்காது. ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் மங்கிவிடும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

புத்தகத்தில் ‘ஒலி மாசு’ இருந்தது. ‘செவித்திறன் குறையும்’ என்று ஒரு வரியோடு. எப்படிக் குறையும், யாருக்குக் குறையும் என்பது இல்லை. காது அங்கே பாகம் குறிக்கும் படம் மட்டும்தான். அலையை இவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள் கேட்பவரை மறந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தால், அப்பாவிடம் கத்துவதை அப்போதே விட்டிருப்பேன். முகம் பார்த்து, நிதானமாகப் பேசியிருப்பேன்.