இடைவேளையில் தொலையும் பேரழிவு

தமிழில் பேரழிவுத் திகில் படங்கள் குறைவு. அவை சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. முதல் பாதியில் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அது பரவும் வழியும் தெரியும். இடைவேளை தாண்டினால் எல்லாம் நாயகனின் சொந்தக் கணக்காகிவிடும்.

சக்தி சௌந்தர்ராஜனின் ‘மிருதன்’ (2016) இதற்கு நல்ல சான்று. ஊட்டியில் சிந்திய ரசாயனத்தை ஒரு நாய் நக்குகிறது; அது கடித்த மனிதரிலிருந்து ஊர் முழுக்கத் தொற்று பரவுகிறது. நாயகன் சாதாரணப் போக்குவரத்துக் காவலர் என்பதும் நல்ல தொடக்கம். தங்கைப் பாசமும் ஒருதலைக் காதலும் வந்து உட்கார்ந்ததும் ஜாம்பிகள் வெறும் துப்பாக்கி இலக்குகளாகிறார்கள். கசிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ‘ஏழாம் அறிவு’ (2011) படத்திலும் கிருமி நாய் வழியாகத்தான் வருகிறது. கொள்ளைநோய்க் கதை கடைசியில் இருவர் சண்டையாகச் சுருங்குகிறது. யோகி பாபு நடித்த ‘ஜாம்பி’ (2019) அந்தச் சிரமமே வேண்டாமென்று சிரிப்புப் பக்கம் போய்விட்டது.

அணைக் கதையிலும் இதே சறுக்கல் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்கைச் சீண்டிய படம் சோகன் ராயின் ‘டேம் 999’. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பீதி கிளப்புகிறது என்று 2011 நவம்பரில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. பழைய அணை, அதன் கீழே வாழும் மக்கள் என்ற வலுவான கரு, ஜோதிடத்திலும் காதலிலும் கரைந்துபோனது. தடையால் அந்தக் கோளாறு இங்கே பேசப்படவே இல்லை. பேச்செல்லாம் அரசியலாகவே முடிந்தது.

பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த அந்தச் சுவரில் படத்துக்கான திகில் இரண்டு பக்கமும் இருக்கிறது. உடைந்தால் வெள்ளம் பாய்வது மேற்கே, இடுக்கிப் பக்கம். சுரங்க வழியாக வரும் தண்ணீர் நின்றால் காய்வது கிழக்கே, லோயர்கேம்ப் தொடங்கி 14,707 ஏக்கர் இருபோக வயல். அந்தப் பள்ளத்தாக்கின் கூடலூர் விவசாயி அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் விசாரித்துவிட்டுத்தான் முதல் போகத்துக்கு நாற்றுப் பாவுவார். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க அனுமதி தந்த பிறகும் அந்த விசாரிப்பு ஓயவில்லை. மேற்கே ஒருவர் கூடுமே என்று அஞ்சும் அதே அளவைக் கிழக்கே இன்னொருவர் குறையுமே என்று அஞ்சுகிறார். ‘டேம் 999’ முதல் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதையும் கடைசிவரை காப்பாற்றவில்லை.

இதே பள்ளத்தாக்கில் நிஜமாகவே ஒரு திகில் நடந்தது. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது 144 தடை உத்தரவு போடப்பட்டது. கேரள வனத்துறை சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட யானை அது. இதில் வில்லன் இல்லை, மனிதர் எடுத்த ஒரு முடிவும் அதன் விளைவும்தான். நம் இயக்குநர்கள் முதல் பாதியில் இந்தக் காரண-விளைவுக் கோர்வையை நன்றாகவே பிடிக்கிறார்கள். இரண்டாம் பாதியிலும் அதை விடாமல் பிடித்தால் போதும். நாயகனைத் தனியே உயர்த்திக் காட்டத் தேவையிருக்காது.