கணவர்கள் மலையேறிய பிறகு

ஹிட்லர் பிரிட்டனைப் பிடித்திருந்தால் என்ற கற்பனையில் எழுதப்பட்ட நாவல்கள் நிறைய. பெரும்பாலும் அவை ஆண்களின் தர்மசங்கடத்தைப் பேசுபவை. லென் டெய்ட்டனின் ‘எஸ்எஸ்-ஜிபி’ (1978) விறுவிறுப்பான நாவல்தான். ஆனால் மனசாட்சி, தயக்கம், தந்திரம் எல்லாம் ஜெர்மானியரின் கீழ் வேலை பார்க்கும் துப்பறிவாளர் ஆர்ச்சருக்கே உரியவை. அவருடைய மனைவி கதை தொடங்கும் முன்பே குண்டுவீச்சில் இறந்துவிடுகிறாள். இறந்த மனைவி நாவலாசிரியருக்கு எவ்வளவு வசதி!

ஓவன் ஷியர்ஸின் ‘ரெசிஸ்டன்ஸ்’ (2007) வேறு இடத்தில் தொடங்குகிறது. 1944. நார்மண்டி தரையிறக்கம் தோற்றுவிட்டது. வேல்ஸ் எல்லையோரப் பள்ளத்தாக்கில் சாரா கண்விழிக்கும்போது கணவன் பக்கத்தில் இல்லை. அங்குள்ள ஆண்கள் எல்லோருமே ரகசியப் படைக்காகப் போய்விட்டார்கள். ஒருவனும் மனைவியிடம் சொல்லவில்லை. (இப்படிப்பட்ட ரகசியக் குழுக்களை 1940இல் பிரிட்டன் உண்மையிலேயே அமைத்தது.) ஆடுமாடு, பண்ணை எல்லாம் பெண்கள் தலையில். பனி வழியை மூடியதும், அங்கே வந்து தங்கிய ஜெர்மானியச் சிப்பாய்களின் கைகள் பண்ணை வேலைக்குத் தேவைப்படுகின்றன. உதவியை ஏற்பது எந்த நாளில் துரோகமாகிறது? அந்த நாளைச் சுட்டிக்காட்ட மறுப்பதே நாவலின் பலம்.

பலவீனம், சாராவுக்கும் அதிகாரி ஆல்பிரெக்டுக்கும் இடையே வளரும் நெருக்கத்தில் இருக்கிறது. அவன் படித்தவன், போரில் களைத்தவன், மென்மையானவன். துப்பாக்கி வைத்திருப்பவன் நல்லவனாக இருந்துவிட்டால், மறுக்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்ததா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை போலும்.

கற்பனையே தேவைப்படாத தீவுகளும் உண்டு. சேனல் தீவுகள் 1940 முதல் 1945 வரை ஜெர்மனியின் பிடியில் இருந்தன. ஜெர்மானியரோடு பழகிய பெண்களை ‘ஜெர்ரிபேக்’ என்று ஊர் ஏசியது. குவெர்ன்சியில் யூதர்களைப் பதிவு செய்ததோ உள்ளூர் நிர்வாகம். அகஸ்டே ஸ்பிட்ஸ், மரியானே கிரூன்ஃபெல்ட், தெரேஸ் ஷ்டைனர் என்ற மூன்று யூதப் பெண்கள் 1942 ஏப்ரலில் தீவிலிருந்து அனுப்பப்பட்டு, ஆஷ்விட்ஸில் மாண்டார்கள். போர் முடிந்ததும் அந்த நிர்வாகத்தின் தலைவருக்கு சர் பட்டம் கிடைத்தது. யார் துரோகி என்பதை ஊர் பெண்ணின் படுக்கையில் தேடியது, அலுவலகக் கோப்பில் தேடவில்லை.

ஜெர்சியில் கிளாட் காஹூனும் அவருடைய வாழ்க்கைத் துணை மார்செல் மூரும் போருக்கு எதிரான துண்டறிக்கைகளை ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்து சிப்பாய்களின் பைகளில் நழுவவிட்டார்கள். 1944இல் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிழைத்துக்கொண்டார்கள். அப்போது இருவருக்கும் ஐம்பது வயதையொட்டி. இப்படியொரு பெண்ணை நான் படித்த மாற்று வரலாற்று நாவல்களில் இதுவரை பார்க்கவில்லை.