சிவகாமி ஏன் கிளம்பவில்லை?

எங்கள் வீட்டில் 'சிவகாமியின் சபதம்' ஒரு நாவல் இல்லை, வழக்கு. அம்மாச்சி ஒரு கட்சி, அம்மா எதிர்க்கட்சி. நான் ரொம்ப நாள் அம்மாச்சி கட்சியில்தான் இருந்தேன்.

அம்மாச்சியின் வாதம் சுருக்கமானது. "அவன் உசுரைப் பணயம் வெச்சு வாதாபி வரைக்கும் வந்து கூப்பிடுறான். அப்பவே கிளம்பியிருக்கணும்டி. ஊரை எரிச்சாத்தான் வருவேன்னா, அது என்ன காதல்?" அம்மாவுக்கு மாமல்லன்மேல்தான் கோபம். "ஒன்பது வருஷம் ஒருத்தியைக் காக்க வெச்சுட்டு, இவன் பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிக்கிட்டான். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?" கல்லூரி விடுதியில் என் அறைத் தோழிக்கு இரண்டு பேரையுமே பிடிக்காது. நாகநந்திதான் அவளுக்கு ஹீரோ. "அந்த நாவல்ல அவளோட டான்ஸை டான்ஸா பார்த்த ஒரே ஆள் அவன்தான்" என்பாள். வில்லனுக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று அப்போது சிரித்தேன். ஆனால் மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயரே 'பிக்ஷுவின் காதல்'தான். நான்கு பாகங்களில் தலைப்பிலேயே காதல் இருப்பது அது ஒன்றில் மட்டும்தான். மாமல்லனின் காதலுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இந்தச் சண்டை எங்கள் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை. இந்த நாவலைப் படித்த யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது: தப்பு யார்மேல்? சிவகாமியின் பிடிவாதமா, மாமல்லனின் துரோகமா? எனக்கு இப்போது கேள்வியே கோணலாகப் படுகிறது.

முதலில் ஒரு விஷயம். 'பார்த்திபன் கனவு' இதற்கு முன்பே வந்துவிட்ட நாவல். அதன் கதை நடப்பதோ இதற்குப் பிந்தைய காலத்தில். அதில் மாமல்லர் நடுவயது தாண்டிய சக்கரவர்த்தி, குந்தவி என்று வளர்ந்த மகள் அவருக்கு இருக்கிறாள். ஆக, 1944-லிருந்து 1946 வரை 'கல்கி' இதழில் இந்தத் தொடரை வாராவாரம் படித்தவர்களில் ஏராளமானோருக்கு மாமல்லன் கல்யாணம் பண்ணிக்கொண்டு குழந்தை குட்டியோடு இருக்கப்போகிறவன் என்பது முன்கூட்டியே தெரியும். சிவகாமி என்ன ஆகப்போகிறாள் என்ற கவலைதான் அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் வேறு. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையே காலியானது. அந்த நகரத்துக்காரர்கள் காஞ்சி முற்றுகையை வெறும் சரித்திரமாகப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி சபதத்துக்கு வருவோம். வாதாபிக்குக் கொண்டுபோகப்பட்ட சிவகாமியைப் புலிகேசி என்ன செய்கிறான்? சிறைபிடித்த தமிழ்நாட்டு ஆண்களையும் பெண்களையும் நாற்சந்தியில் நிறுத்திச் சாட்டையால் அடிக்க வைக்கிறான். அடி நிற்க வேண்டுமானால் அவள் அங்கே ஆட வேண்டும். ஆயனரின் மகள், மகேந்திர பல்லவர் சபையில் ஆடியவள், அந்நிய ஊரின் தெருமுனைகளில் ஆடுகிறாள். அடி நிற்கிறது. இவ்வளவும் நடந்த பிறகு எடுத்ததுதான் அந்தச் சபதம்: மாமல்லர் வந்து இந்த நகரத்தைக் கொளுத்திய பிறகுதான் இங்கிருந்து கிளம்புவேன்.

இந்தப் பக்கங்களை நான் பதினாறு வயதில் படித்திருக்கிறேன். ஆனால் முப்பது வயதில் மறுபடி படிக்கும்வரை அவை என் ஞாபகத்திலேயே இல்லை! மனதில் நின்றதெல்லாம் அந்த இரவு: மாறுவேஷத்தில் வந்த மாமல்லன் கூப்பிடுகிறான், இவள் மறுக்கிறாள், அவன் கோபத்தோடு திரும்புகிறான். ஊடல் மாதிரி. இரண்டு காதலர்களுக்கு நடுவே வந்த வீம்பு மாதிரி. மாமல்லனும் அப்படித்தான் புரிந்துகொள்கிறான். தன்மேல் அன்பிருந்தால் வந்திருப்பாள் என்பது அவன் கணக்கு. அம்மாச்சி, அம்மா, நான், எல்லோரும் போட்டது அவன் கணக்கைத்தான். அம்மாவின் கட்சிகூட "அவனுக்கு உண்மையான காதல் இல்லை" என்று அதே தராசைத் தூக்கியது, தட்டு மட்டும்தான் வேறு. சிவகாமி அங்கே காதலியாக மட்டும் நிற்கவில்லை. தன் ஆட்டத்தால் சாட்டையை நிறுத்தியவள் அவள். காதலன் வந்துவிட்டான் என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனால், அந்த நாற்சந்திகளில் ஆடியதற்கு என்ன அர்த்தம்?

இதைக் கல்கி உணர்ந்தே எழுதினாரா என்றால், பாதி உணர்ந்தார் என்பேன். சாட்டையடிக் காட்சியை எழுதிய அதே கைதான், பிற்பாடு அவளை முன்கோபியாக, குழந்தைத்தனமானவளாகக் காட்டவும் மெனக்கெடுகிறது. மகேந்திர பல்லவரின் ராஜதந்திரத்துக்கும், அவர் மகனுக்குச் செய்துவைத்த பாண்டியச் சம்பந்தத்துக்கும் கிடைக்கிற நியாயம் இவள் சபதத்துக்குக் கிடைக்கவில்லை. அரசன் சொன்னால் கடமை, நடனக்காரி சொன்னால் பிடிவாதம். வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் ஆசிரியர்தான்.

மற்றக் குறைகளும் உண்டு, எல்லோருக்கும் தெரிந்தவைதான். எப்போது பார்த்தாலும் யாராவது மாறுவேஷத்தில் வருகிறார்கள். நாகநந்தியும் புலிகேசியும் இரட்டையர் என்ற ஏற்பாடு எத்தனை முடிச்சுகளைத்தான் அவிழ்க்கும்! "சரித்திரத்தில் சிவகாமியே கிடையாதே" என்று சிலர் ஆதங்கப்படுகிறார்கள். அது எனக்குக் குறையாகவே படவில்லை. நரசிம்மவர்மனின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு பாதாமிப் பாறையில் இருக்கிறது. அதில் வெற்றிதான் இருக்கும். யாருக்காக, யார் கேட்டு என்பதை நாவல்தான் எழுத வேண்டும்.

முடிவைப் பற்றிய சண்டை இதைவிடப் பெரியது. ஊர்வலத்தில் மாமல்லனை அவன் ராணியோடும் குழந்தைகளோடும் பார்த்த சிவகாமி, கடைசியில் ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துவிடுகிறாள். "திடுதிப்பென்று கோயிலுக்குள் தள்ளிவிட்டார்" என்பவர்கள் முதல் பாகத்தை மறந்துவிட்டார்கள். அப்பர் மடத்தில், இறைவன் பெயரைக் கேட்டு, பெற்றோரை விட்டு, தன்னையே மறந்துபோகும் பெண்ணைப் பற்றிய பதிகத்துக்கு அவள் அபிநயம் பிடித்து மூர்ச்சையாகிறாள். அப்போது அவள் மனதில் இருந்த தலைவன் மாமல்லன். கடைசி அத்தியாயத்தில் பாட்டு அதேதான், தலைவன்தான் மாறிவிட்டான். கட்டுமானம் அபாரம். "பக்தியில் நிறைவு பெற்றாள்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அவளுக்குப் போக வேறு இடம் இருந்ததா? அரண்மனை இல்லை. அப்பாவின் சிற்ப வீட்டுக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆடவும் முடியாது. எரிந்த ஊருக்கும் எரித்தவன் ஊருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஒரு கோயில்தான். அதைச் சரணாகதி என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். சாட்டையடி என்றதும், "எந்த அடி?" என்றார். வாராவாரம் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தவர், நாவலை எத்தனை முறை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கண் சரியில்லாததால் நான் அந்த அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

"இருந்தாலும் கிளம்பியிருக்கணும்டி. பாவம், ஒன்பது வருஷம்."